டீசல் லாரிப் பரிசோதனைக் குழுவின் மாபெரும் வெற்றி

லாரியைக் கண்டுபிடித்தவர் யாரோ, எனக்குத் தெரியாது. அவருக்குச் சிலை வைப்பது அவருடைய நாட்டார் பாடு. ஆனால் பழைய லாரியை ஓட்டிப் பார்க்காமலேயே பரிசோதிக்கும் விஞ்ஞானத்தை உலகுக்கு அளித்தவர்கள் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரே பஸ்ஸில் போய் வந்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு.

1958ஆம் ஆண்டு. அந்தச் சாலையிலுள்ள தேக்கா மார்க்கெட்டின் காய்கறி வியாபாரிகளான நாங்கள் ஒரு சங்கம் வைத்திருந்தோம். சங்கத்துக்குத் தலைவர், பொருளாளர், பெயர்ப்பலகை எல்லாம் இருந்தன. லாரிதான் இல்லை. தோட்டங்களிலிருந்து சரக்கு வாடகை லாரியில் வரும். அந்த லாரிக்காரர் மற்ற மார்க்கெட்டுகளுக்கெல்லாம் இறக்கிவிட்டுக் கடைசியில்தான் எங்களிடம் வருவார்.

இதில் அதிகம் அடிபட்டவர் கீரைக்கடை பூவம்மா. கத்தரிக்காய் காத்திருக்கும், கீரை காத்திருக்குமா? வெயில் ஏறிய பிறகு வந்து சேரும் வாடிய கட்டுகளை யாரும் வாங்குவதில்லை. "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனா கடையை மூடிட்டு எங்கயாச்சும் தட்டு கழுவத்தான் போகணும்" என்று அவர் சொல்லாத நாளில்லை. சங்கமே சொந்தமாக ஒரு டீசல் லாரி வாங்கும் என்று தீர்மானம் நிறைவேறியபோது மார்க்கெட்டிலேயே அவர் ஒருவர்தான் அழுதார். சந்தோஷத்தில்தான்.

உடனே "பரிசோதனைக் குழு" அமைந்தது. தலைவர் மருதப்பன், பொருளாளர் லாசரஸ், கூடவே எழுதிக்கொள்ள நான். மூவரில் யாருக்கும் லாரி ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிந்தவன் ஒருதலைப்பட்சமாகத்தான் பார்ப்பான், நமக்கு நடுநிலை முக்கியம் என்று தலைவர் விளக்கினார். வரப்போகும் லாரிக்கென்று முன்கூட்டியே அமர்த்தியிருந்த டிரைவர் இயேசுதாசன் தானும் வரலாமா என்று கேட்டார். அவருக்கு நடுநிலை இல்லாததால் மறுக்கப்பட்டது.

வாங்கப் போகிறவன் பொருளைக் குறை சொல்ல வேண்டும், விற்கிறவன் புகழ வேண்டும். இதுதான் நம்மவர் வழக்கம். ஆகவே பஸ்ஸிலேயே குறைகளைப் பங்கிட்டுக்கொண்டோம். எஞ்சினைத் திட்டுவது தலைவர், பிரேக்கைத் திட்டுவது லாசரஸ். டயர் எனக்கு.

கேலாங்கில் பழைய லாரி விற்கும் இப்ராஹீம் என்பவரின் கொட்டகை. அப்போதுதான் ஹஜ் யாத்திரை முடித்துக் கப்பலில் திரும்பியிருந்த மனிதர். எங்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, நாங்கள் வாய் திறப்பதற்குள், சிங்கப்பூர்க்காரர்கள் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு ஆரம்பித்தார்.

"அண்ணே, மறைக்காம சொல்லிடறேன் லா. இதுல பிரேக் புடிக்காது. இறக்கத்துல போனா நிக்கவே நிக்காது."

லாசரஸ் திகைத்துப் போனார். அது அவருடைய வசனம்.

"எஞ்சின் கறுப்புப் புகையா கக்கும். எண்ணெய் ஒழுகுது. டயர் நாலும் வழுக்கை. அடிச்சட்டத்துல விரிசல், வெல்டிங் வச்சு ஒட்டியிருக்கேன். பழைய இரும்புக்குப் போடலாம்னு வச்சிருக்கேன். இது உங்களுக்கு வேணாம்ணே."

தலைவர் எங்களை ஓரமாக அழைத்துப் போனார். "பாத்தீங்களா ஆட்டத்தை? வேற பார்ட்டி கூட வெலைக்குக் கேட்டிருக்கான். நம்மள வெரட்டப் பாக்குறாரு. விடக் கூடாது லா!"

எங்களிடம் குறைகள் தீர்ந்துவிட்டன. மீதி இருந்தது புகழ்ச்சி ஒன்றுதான். சங்கத்தின் மானத்தைக் காக்க அதைக் கையில் எடுத்தோம்.

"பாய், எண்ணெய் ஒழுகுதுன்னா என்ன அர்த்தம்? உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம்!" என்றார் தலைவர்.

"ஒட்டுன எடம் ஒட்டாத எடத்தைவிடக் கெட்டி" என்றார் லாசரஸ்.

"பாய், வழுக்கை அனுபவத்தோட அடையாளம் இல்லியா?" என்று தலைவர் தன் தலையைத் தடவிக் காட்டினார். இப்ராஹீம் மரியாதை கருதி டயரையே பார்த்தார்.

பிறகு தொழில்நுட்ப ஆய்வு நடந்தது. லாசரஸ் தொட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்து, "டீசல்தான்" என்று உறுதி செய்தார். தலைவர் சக்கரத்தைக் காலால் உதைத்தார். பிறகு டிரைவர் இருக்கையில் ஏறி அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார்.

இப்ராஹீம் கிட்டத்தட்டக் கெஞ்சினார். "அண்ணே, ஒரே ஒரு தடவை கெளப்பியாச்சும் பாருங்க. இந்த வாசல் வரைக்கும் ஓட்டுங்க. நான் சொல்றது புரியும்."

தலைவர் சிரித்தார். எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போடாத வண்டியைக் கிளப்பக் கூடாது. சொந்தமாகாத வண்டிக்குப் பூசை போடக் கூடாது. ஆகவே வாங்கும்வரை கிளப்ப வழியில்லை. லாசரஸ் கத்தோலிக்கர்தான், ஆனாலும் ஆட்சேபம் சொல்லவில்லை. பாதிரியார் தீர்த்தம் தெளிக்காத வண்டியில் கை வைப்பதில்லை என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். இவ்வளவு மத நல்லிணக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கடைசியில் இப்ராஹீம் கையெடுத்துக் கும்பிட்டார். "சரிண்ணே, நீங்க விட மாட்டீங்க. இரும்பு வெலைக்கு மேல ஒரு காசு வாங்க மாட்டேன். ஆனா ரோட்டுல மட்டும் ஓட்டிடாதீங்க."

முழு லாரியை இரும்பு விலைக்கு முடித்த பெருமையில் தலைவர் பஸ்ஸில் உட்காரவே இல்லை. நின்றுகொண்டே வந்தார்.

அன்று சங்கக் கூட்டத்தில் பூவம்மா எழுந்தார். கடைக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த முதல் முழுவதையும் லாரிப் பங்குக்காக முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

"ஐயா, நல்லாப் பாத்தீங்கல்ல? பிரேக் கிரேக்கெல்லாம்?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? நானே கெளப்பிப் பாத்தேன். பிரேக்கை இந்தக் காலால மிதிச்சுப் பாத்தேன். அப்படியே நின்னுச்சு!" என்றார் தலைவர்.

நின்றது என்னவோ வாஸ்தவம்தான். நாங்கள் பார்த்த நேரம் முழுவதும் அது நின்றுகொண்டுதான் இருந்தது. பூவம்மா முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். மறுநாளே வாடகை லாரிக்காரரிடம் இனி வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

பூசை சிறப்பாக நடந்தது. லாரி நான்கு எலுமிச்சம்பழங்களையும் நசுக்கியது. அதோடு நிற்காமல் பக்கத்துக் கடையின் வாழைத்தாரையும் நசுக்கியது. "வேகம் இருக்கு" என்றார் தலைவர்.

முதல் பயணத்தில் பூவம்மாவின் கீரைதான் முழுச்சுமை. சுவா சூ காங் தோட்டங்களிலிருந்து ஏற்றிக்கொண்டு புக்கிட் தீமா இறக்கத்தில் வந்த இயேசுதாசன் பிரேக்கை மிதித்தார். லாரி அதைப் பொருட்படுத்தவில்லை. சாலை திரும்பிய இடத்தில் லாரி திரும்பாமல் நேராகக் கால்வாய்க்குள் போனது. டிரைவர் நீந்திக் கரையேறினார். முந்திய நாள் பெய்த மழையில் கால்வாயில் நல்ல ஓட்டம். அந்தக் கால்வாய் தேக்காவை ஒட்டித்தான் போகிறது. எங்கள் வரலாற்றில் முதன்முறையாகக் கீரை கொஞ்சமும் வாடாமல், வெயில் ஏறுவதற்கு முன்பே மார்க்கெட்டைத் தாண்டிச் சென்றது. பூவம்மா பாலத்தில் நின்று தன் கட்டுகள் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் அழவில்லை.

அவசரக் கூட்டம் கூடியது. வழக்கம்போல் தலைவருக்கு மாலை போடப்பட்டது.

"அந்த இப்ராஹீம் நம்மள மோசம் பண்ணிட்டாரு" என்று தலைவர் முழங்கினார். "உண்மையைச் சொல்லியே ஏமாத்திட்டாரு!"

"பொய் சொல்வாருன்னு நம்பித்தானே போனோம்?" என்றார் லாசரஸ். "இது நம்பிக்கைத் துரோகம் லா!"

விற்பனையாளர் திடீரென்று உண்மை பேசியதை இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது என்று தீர்மானம் நிறைவேறியது. அடுத்த லாரியை முறைப்படி பொய் சொல்லும் நாணயமான ஒருவரிடமே வாங்குவது என்று இரண்டாவது தீர்மானம். அப்படிப்பட்டவர் ஒருவர் கேலாங்கிலேயே இருக்கிறார், நாளைக்கே போகலாம் என்றார் தலைவர்.

எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து பூவம்மா எழுந்தார். கடை மூடிக் கிடந்ததால் அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

"பொய் சொல்ற ஆளைத் தேடி கேலாங் வரைக்கும் எதுக்குங்கய்யா போறீங்க? பிரேக்கைக் காலால மிதிச்சுப் பாத்தவரு இங்கதான மாலையோட உக்காந்திருக்காரு."