துணைத்தலைவர் சுமந்த மூட்டை

“ஏலக்காய் வியாபாரத்துக்கு முன்னாடி என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?”

சென்னையிலிருந்து வந்திருந்த செயலாளர் அய்யாத்துரை, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். ஏலக்காய் வியாபாரி ராஜமணி காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

அது எழுபத்திரண்டாம் வருடம். தடையற்ற வணிகப் பேரவையின் மாநிலத் துணைத்தலைவராகத் தேனிக்காரர் ஒருவர் வருவது அதுதான் முதல்முறை. மாலையில் தேனியிலேயே மாநாடு. ஒவ்வொரு நிர்வாகியைப் பற்றியும் மேடையில் நாலு வார்த்தை சொல்வார்கள். தலைவர் லண்டனில் பொருளாதாரம் படித்தவர். பொருளாளர் ஓய்வுபெற்ற நீதிபதி. ராஜமணியோ, கேரளாவுக்கு அரிசி போகாமல் மறிக்கும் சோதனைச்சாவடி ஒன்றில், கம்பம் மலையடிவாரத்தில், காவலாளியாக இருந்தவர். எந்தச் சரக்கையும் யாரும் தடுக்கக் கூடாது என்று முழங்கும் பேரவையில் இதைச் சொல்ல முடியுமா?

“எல்லையில... அரிசி சம்பந்தமா...” என்று இழுத்தார்.

அய்யாத்துரையின் கண்கள் விரிந்தன. “தலைச்சுமையா மலையேத்தினீங்களா? தடைய மீறி?”

“அப்படித்தான்னு வச்சுக்கங்களேன்.”

செயலாளர் போனதும் மனைவி சொர்ணலதா பிடித்துக்கொண்டாள். “சாவடியில விசில் ஊதுனதுக்கு இப்படி ஒரு பேரா?”

“சும்மா இரு. ஒரு வரி வாசிப்பாக. அதோட முடிஞ்சு போகும்.”

முடியவில்லை. தலைவர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். “பசித்த மக்களுக்காக மலை கடந்த மாவீரர்!” மண்டபம் அதிர்ந்தது. ராஜமணி அடக்கமாகக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு அவருக்கே பிடித்திருந்தது.

“அய்யா, தலையில மூட்டையோட ஒரு படம்!” என்றார் பத்திரிகைக்காரர்.

“எனக்கு இடுப்புவலி...”

“அன்று சுமந்த சுமையால் வந்த வலி!” என்று தலைவர் மைக்கில் அறிவிக்க, கைதட்டல் இன்னும் கூடியது. அதற்குள் மண்டபத்துச் சமையற்கட்டிலிருந்து அரிசி மூட்டை மேடைக்கே வந்துவிட்டது. நாலு பேர் தூக்கி அவர் தலையில் வைத்தார்கள். ராஜமணி மூட்டையோடு ஒரு சுற்றுச் சுற்றி, தலைவரின் மடியில் உட்கார்ந்தார்.

முன்வரிசையில் அரிசிக்கடை பிச்சையம்மாள் எழுந்தாள்.

“தலையில சும்மாட்டுத் துணி வைக்காம மூட்டை சுமந்தவுகள இன்னைக்குத்தான் பாக்குறேன்! மலையேத்துனது நாங்க. இவுக அங்கன சாவடியில காவலுக்கு நின்னவுகல்ல?”



“உண்மையா?” என்றார் தலைவர், ராஜமணியின் அடியிலிருந்து நழுவி எழுந்துகொண்டே.

காலையிலிருந்து பொய்யைச் சுமந்து நெளிந்த ராஜமணி, முதல்முறையாக நிமிர்ந்தார்.

“ஆமாய்யா. நான் சுமக்கலை, மறிச்சேன். வாங்குன சம்பளத்துக்கு ஒழுங்கா நின்னேன். யாருகிட்டயும் கைநீட்டுனதில்ல. நான் நின்ன வரைக்கும் ஒரு படி அரிசி அந்தப் பக்கம் போனதில்ல. பதவிய எடுத்துக்கங்க. அந்த நல்ல பேர மட்டும் எடுத்துராதீக!”

சொர்ணலதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவரை அப்படி அவள் பார்த்ததில்லை.

தலைவர் கனத்த மனதோடு நிர்வாகிகள் பட்டியலில் துணைத்தலைவர் பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தார். பிச்சையம்மாள் பதறிப்போய் மேடைக்கே ஓடிவந்தாள்.

“அய்யய்யோ, அடிச்சிராதீக! இவுக காவல்னு தெரிஞ்சாத்தான நாங்க வீட்ட விட்டே கெளம்புவோம். அன்னைக்குக் கேரளாவுக்குப் போன அரிசி பூராவும் இவுக குறட்டைச் சத்தத்துலதான்யா போச்சு!”