பெயர் போடாத சீட்டு

பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார் பேராசிரியர். ஒரு சீட்டுகூட விழவில்லை.

வெளியே சொல்லக் கூசுகிற விஷயத்தைப் பெயர் போடாமல் எழுதிப் போடுங்கள், வகுப்பில் மனம்விட்டுப் பேசலாம் என்று திங்கட்கிழமையே அறிவித்திருந்தார். அடுத்தவர் அழுக்கை அலச நாற்பது பேரும் தயார். சொந்த அழுக்கை எடுக்கத்தான் ஆளில்லை.

நாமே தொடங்கி வைத்தால் என்ன? அவசரமாக ஒரு சீட்டைக் கிறுக்கிப் போட்டுவிட்டு, மணி அடித்ததும் முதல் பெஞ்சுப் பெண்ணைப் படிக்கச் சொன்னார்.

"பரீட்சையில் பார்த்து எழுதித்தான் பாஸானேன். யாரிடமும் சொன்னதில்லை. நினைத்தாலே கூசுகிறது."

கற்பனை இல்லை. இருபது வருடமாக அவர் நெஞ்சை உறுத்திய சொந்தக் கதை.

சீட்டு பெஞ்சு பெஞ்சாகக் கைமாறியது. ஒவ்வொருவரும் அதை உற்று உற்றுப் பார்த்தார்கள்.

"எழுதினவங்க தைரியசாலி. யாருன்னு தேடக் கூடாது," என்றார். தன்னைத் தானே புகழ்ந்துகொள்ள அவருக்கே வெட்கமாக இருந்தது.

கடைசி பெஞ்சு ஒட்டடைக்குச்சி எழுந்தான். "நான்தான் சார்."

"நீ இல்லப்பா, உக்காரு!"

"பேரே போடலியே, உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

அவர் டஸ்டரை எடுத்து வெறும் போர்டைத் துடைக்க ஆரம்பித்தார். அதற்குள் முதல் பெஞ்சுப் பெண் உட்பட இன்னும் ஆறு பேர் எழுந்துவிட்டார்கள்.

"ஒரு சீட்டை ஏழு பேரா எழுதுவீங்க?"

"கூட்டாப் பண்ணினது சார்."

சத்தம் கேட்டு, வராந்தாவில் போய்க்கொண்டிருந்த முதல்வர் உள்ளே வந்தார். சீட்டை வாங்கிப் படித்தார்.

"பாத்து எழுதுற கும்பலா? ஏழு பேரும் இந்த வருஷம் பரீட்சை எழுத வேணாம்."

"சார், இது சும்மா ஒரு பயிற்சி..."

"பயிற்சி வேற குடுக்கறீங்களா?"

ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். பேராசிரியரை அவமானம் பிடுங்கித் தின்றது. பிள்ளைகளைப் பேசச் சொல்லிவிட்டு நாம் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறோமே! இவர்கள் படிப்பல்லவா போகிறது?

"அது நான் எழுதினது சார். பாத்து எழுதிப் பாஸானதும் நான்தான்."

காது மடல்கூடச் சுட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பையே பார்த்தார்.

முதல்வர் ஏழு பேர் பக்கம் திரும்பினார். "அப்போ நீங்க எதுக்குய்யா எந்திரிச்சீங்க?"

முதல் பெஞ்சுப் பெண்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ரெண்டு வருஷமா போர்டுல பாக்குற கையெழுத்து சார். அவர் தனியா மாட்டிக்க வேணாமேன்னுதான்."