என் மீசை போட்ட பந்தல்

மனைவிக்குத் தெரியாமல் அவளுக்கு ஒரு நல்லது செய்ய ஆண்பிள்ளை கிளம்பினால், அதைச் சரிசெய்ய ஓர் ஊரே தேவைப்படும். எனக்குத் தேவைப்பட்டது. எங்கள் ஊரும் குறை வைக்காமல் கிளம்பி வந்தது, மாலையோடு.

கொடைக்கானலுக்கு மேலே, மேல்மலையில் எங்கள் கிராமம். பூண்டு விவசாயம். என் மனைவி செல்விக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து, ஆபரேஷன் முடிந்து, மதுரைக்குப் போய் கீமோ ஏற்றிக்கொண்டிருந்த சமயம் அது. இரண்டாவது கீமோவுக்கு அப்புறம் அவளுக்குத் தலைமுடி கொட்டியது. கூடவே பூண்டு வாசம் ஆகாமல் போய்விட்டது.

முடி கொட்டியதற்கு அவள் அழவில்லை. "தலை வார்ற வேலை மிச்சம்" என்றாள். பூண்டு வாசத்துக்குத்தான் அழுதாள். பூண்டுக்காரர் வீட்டில் பிறந்து, பூண்டுக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள், பாவம் எங்கே ஓடுவாள்? விதைப்பூண்டைத் தாளும் தண்டுமாகக் கட்டி, அடுப்படிப் பரணில் தொங்கவிட்டுப் புகையில் காயவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டில் போர்வை, தண்ணீர்ப் பானை, சாமி படம், நான் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வாசம்தான். ஒரு வாய் கஞ்சி உள்ளே போனால் ரெண்டு வாய் வெளியே வந்தது.

"ஒரு வாசமும் இல்லாத வீட்ல ஒரு நாள் படுத்துத் தூங்கணும் போலருக்குங்க" என்றாள் ஒருநாள். எனக்கு அது மனசில் தைத்துவிட்டது. (தைத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.)

மூன்றாவது கீமோவுக்கு அவளுடைய தம்பி முருகேசன் ஜீப்பில் கூட்டிப்போனான். எப்போதும் நானும் போவேன். இந்தத் தடவை, "தோட்டத்துல சோலி கெடக்கு" என்று நழுவினேன்.

"அப்படி என்ன சோலி?"

"கெடக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

முதல் வேலையாக, பெருமாள்மலையில் பஸ் மாறிப் பழனிக்கு இறங்கினேன். அவள் மட்டும் மொட்டைத் தலையோடு இருக்க வேண்டாமே, துணைக்கு நானும் இருக்கலாமே என்ற எண்ணம். மொட்டை அடித்தவர், "மீசை?" என்று கேட்டார். அந்த இடத்தில் ஒரு நொடி யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. முருகனுக்குக் கொடுப்பதில் என்ன கஞ்சத்தனம் என்று, "அதையும் எடுங்க" என்றேன். என்னை மீசை இல்லாமல் ஊரில் யாரும் பார்த்ததில்லை. கண்ணாடியில் நானே பார்த்தேன். உரித்த பூண்டுப்பல் மாதிரி இருந்தேன்.

மறுநாள் கொடைக்கானல் பஜார் காஜா பாய்க்குப் போன் போட்டேன். எங்கள் பூண்டை வருஷாவருஷம் வாங்குகிற வியாபாரி. "பாய், வெதப்பூண்டு மொத்தத்தையும் உங்க குடோன்ல போட்டுக்கங்க."

"வெதப்பூண்டையா? ஏன் மாப்ள, இந்த வருசம் நடலையா?"

"இனிமே அது வீட்ல இருந்து என்ன பிரயோசனம் பாய்? நம்ம செல்வியே..."

'வாசம் தாங்காமக் கெடக்கா' என்று முடிப்பதற்குள் மழைக்கு டவர் போய்விட்டது. பாய் மட்டும் பிக்கப் வண்டியை வெரசாக அனுப்பிவைத்தார்.

பரண் காலியானது. செல்வி படுக்கிற பாய், தலையணை எல்லாவற்றையும் தூக்கி வாசலுக்கு வெளியே போட்டேன். வீடு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பினாயில் ஊற்றி இன்னொரு தடவை கழுவினேன். அதுக்கு மேலே சாம்பிராணி. புகையில் என் கண் இரண்டும் சிவந்து தண்ணீராகக் கொட்ட, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் அக்கா பாண்டியம்மாள் பீன்ஸ் கூடையோடு அந்த வழியாக வந்தாள். அவளும் செல்வியும் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு முறையாக அழைக்கவில்லை என்று அக்காவுக்குக் கோபம். அழைத்தேன் என்று செல்விக்கு வீம்பு. அக்கா என்னைப் பார்த்தாள். வாசலில் கிடந்த பாய் தலையணையைப் பார்த்தாள். கூடை கீழே விழுந்தது.

"தம்பீ... எப்படா?"

மொட்டையைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "நேத்து காலையிலக்கா" என்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேடா!"

"யார்கிட்டயும் சொல்லல. செல்விக்கே தெரியாது" என்றேன் பெருமையாக.

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஓடினாள். ஒரு மொட்டைக்கு இவ்வளவு உருகுகிறாளே, என் மேல் எத்தனை பாசம் என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஓரமாக நின்றார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. மழைக்குத் தார்ப்பாய் கட்டினார்கள். கீமோ முடிந்து வருகிறவளுக்கு ஊர் எவ்வளவு மரியாதை செய்கிறது என்று எண்ணி நானும் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

எதிர்வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார், "எப்ப கொண்டு வர்றாங்க?"

"பெருமாள்மலை தாண்டியிருப்பாங்க. முருகேசன் ஜீப்புல."

"ஜீப்லயா? ஆசுபத்திரில ஆம்புலன்ஸ் குடுக்கலையா?"

"ஆம்புலன்ஸ் எதுக்குங்க? முன்சீட்லயே ஒக்காந்து வருவா."

அவர் என்னையே பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "அதிர்ச்சியில இருக்காப்ல, தனியா விடாதீங்க" என்றார்.

காஜா பாய் வந்து இறங்கினார். தோளில் ஆள் உயர மாலை.

"மாலை எதுக்கு பாய்?"

"செல்விக்குத்தான் மாப்ள" என்றார், குரல் உடைந்து.

அப்போதுதான் பார்த்தேன். வெளியே கிடக்கும் பாய் தலையணை, சாம்பிராணி, தார்ப்பாய், நாற்காலிகள், நடுவில் மீசையில்லாத நான். சாவு என்ற வார்த்தையை நினைத்துப் பார்க்கக்கூடப் பயந்து அத்தனை மாதம் ஓட்டியிருந்தேன். அதற்கு நானே பந்தல் போட்டிருக்கிறேன். "அய்யோ, இல்லைங்க" என்று வாயைத் திறந்தேன். பெண்கள் கூட்டம் அந்த நேரம் ஒப்பாரியை ஆரம்பிக்க, என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பின்னாலேயே ஜீப் வந்து நின்றது.

முன்சீட்டிலிருந்து செல்வி இறங்கினாள். தலையில் துணி, கையில் மாத்திரைப் பை. ஒப்பாரி அப்படியே அறுந்தது. சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த என் அக்கா மட்டும் நிறுத்தவில்லை. "ஒரு காதுகுத்த வச்சு ஒங்கூடப் பேசாம இருந்தேனே செல்வி! எம் மேலதான் தப்புன்னு நான் சொல்றதுக்குள்ள போயிட்டியே!"

செல்வி அவள் தோளைத் தொட்டாள். "யாரு மதினி போயிட்டா?"

அக்கா அழுகையை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்து, "நீதாண்டி" என்றாள்.

அப்புறம் ஒரு அலறல். அதற்கப்புறம் அவள் செல்வியைக் கட்டிப்பிடித்த பிடியை விலக்க முருகேசன் வரவேண்டியிருந்தது.

செல்வியின் பார்வை நாற்காலிகள், மாலை என்று ஒவ்வொன்றாகச் சுற்றி என்னிடம் வந்து நின்றது. நான் தலையிலிருந்த துண்டை எடுத்தேன்.

"மீசை எங்கங்க?" என்றாள்.

"முருகனுக்குக் குடுத்துட்டேன்... ஒனக்குத் துணைக்கு."

உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். மார்பைப் பிடித்துக்கொண்டு, "ஆபரேஷன் பண்ண எடம் இழுக்குதுங்க, மூஞ்சியக் காட்டாதீங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மாதக்கணக்கில் நான் கேட்காத சிரிப்பு. ஊரும் சேர்ந்து சிரித்தது. அவள் தன் தலைத்துணியை அவிழ்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று, "யாருக்குப் பொருத்தமா இருக்கு, சொல்லுங்க பாய்" என்றாள். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒனக்குத்தான் தாயி. இவன் சகிக்கல" என்றார். அவர் கையிலிருந்த மாலையை வாங்கி என் கழுத்தில் போட்டாள்.

இத்தோடு நன்றாக முடிந்திருக்கும். ஆனால் அவள் வீட்டுக்குள் காலை வைத்தாள். பினாயிலும் சாம்பிராணியும் கலந்த காற்றை ஒரு மூச்சு இழுத்ததும் வாசலுக்கு ஓடி வந்து வாந்தி எடுத்தாள். "பூண்டே தேவலைங்க!"

பீன்ஸ் மட்டுமே போடுகிற தன் வீட்டுக்கு அக்கா அவளை அழைத்துப்போனாள். கீமோ முடிகிறவரை செல்விக்கு அங்கேதான் பூண்டில்லாத ரசமும் கஞ்சியும். பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் இரண்டு பேரும் பேசித் தீர்த்தார்கள். முக்கால்வாசி என்னைப் பற்றி. அன்றைக்கு நான் மட்டும் அந்தப் பினாயில் வீட்டில், கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தேன்.

நோய் போய்விட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. கட்டுக்குள் இருக்கிறது, விடாமல் வந்து காட்டுங்கள் என்கிறார். போய்க் காட்டிக்கொண்டிருக்கிறோம். அவளுக்கு முடி சுருள்சுருளாக வளர்ந்துவிட்டது. எனக்கும் மீசை வந்துவிட்டது. ஆனால் அது இப்போது என் மீசை இல்லை. நான் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தால், கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னால் கடைக்காரர் என் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கிறார்.

"அக்கா, அண்ணன் வந்திருக்காக. மீசையத் தொடலாமா? நல்லாருக்கீகள்ல?"

சலூனே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும்.

"இன்னைக்கு நல்லாத்தான் இருக்கேன்" என்பாள் செல்வி. "ஓரமா மட்டும் ஒதுக்கி விடு."