மார்தேஸை ஊரைவிட்டுக் கிளப்பிய வாரம்

ஜூலைத் திருவிழாவின்போது மனைவியை எப்பாடு பட்டாவது ஊரைவிட்டுக் கிளப்பிவிடுவது என்று வீஸ்தின் சபதம் எடுத்துக்கொண்டான். சபதம் எடுத்த இடம், அவன் ஓட்டும் கேஸ் சிலிண்டர் லாரி. சாட்சி, பின்னால் கடகடத்துக்கொண்டிருந்த சிலிண்டர்கள். எந்த நேரமும் வெடிக்கக்கூடிய சாட்சிகள்.

மால்டாவில் அவனுடைய ஊருக்குக் கோயில் ஒன்று, பேண்டு கழகம் இரண்டு. நீலக் கழகம், சிவப்புக் கழகம். ஆளுக்கொரு புனிதர், ஆளுக்கொரு திருவிழா. கோயிலுக்குள்ளே இரண்டு புனிதர்களும் அடுத்தடுத்த மாடத்தில் எந்தத் தகராறும் இல்லாமல்தான் நிற்கிறார்கள். வெளியே வந்தால்தான் வினை. நீலக்காரன் சிவப்புக்காரன் கடையில் ரொட்டி வாங்கமாட்டான். வாங்கினாலும் வேகவில்லை என்பான்.

வீஸ்தின் நீலம். தொட்டிலில் போட்ட துணியே நீலம். காதலிக்கிற வயதில் பெண்ணைப் பார்த்தானே தவிர, அவள் வீட்டு மாடியில் பறந்த கொடியைப் பார்க்கவில்லை. மார்தேஸ் சிவப்பு. சாதாரணச் சிவப்பு அல்ல, அடுப்பில் பழுக்கிற இரும்புச் சிவப்பு.

கல்யாணமான நாளிலிருந்து அவனுக்குக் கழகத்தில் வேலை உண்டு, மரியாதை கிடையாது. ஏணியில் ஏறி விளக்குச் சரம் கட்டுவான். டூபா என்கிற பெரிய ஊதுகுழலைத் துடைத்து முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்குவான். அந்தப் பளபளப்பில் தெரிகிற முகம் மேடையில் ஒரு நாற்காலிக்கு ஏங்குகிற முகம் என்பது யார் கண்ணிலும் படவில்லை.

இந்த வருஷம் பட்டுவிட்டது. செயலாளர் லோன்ஸு அவனைப் பாரில் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"செப்டம்பர்ல தேர்தல். உபதலைவர் நாற்காலி காலி. உன் பேரைத்தான் பேசிக்கிட்டிருக்கோம்."

வீஸ்தின் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தான். "நானா?"

"நீயேதான். ஆனா..."

"என்ன ஆனா?"

"போன வருஷம் சிவப்புக்காரன் காலை ஊர்வலத்துல, நம்ம பால்கனிக்குக் கீழ, அண்ணன் தோள்மேல ஏறி உக்காந்துக்கிட்டு நம்மளைக் கிழிச்சுப் பாடினது யாரு?"

வீஸ்தின் தரையைப் பார்த்தான்.

"இந்த வருஷமும் உன் வீட்டுக்காரம்மா அங்க வந்து நின்னா, உனக்காக ஒருத்தன்கூடக் கை தூக்கமாட்டான். சொல்லிட்டேன்."

"அவளை நான் எப்படித் தடுக்கறது? அவங்க சாமி, அவங்க திருவிழா."

"தடுக்க யார் சொன்னா? எங்கயாவது கூட்டிட்டுப் போ. கோஸோவுக்குப் போ. கூப்பிடு தூரத்துல ஒரு தீவைக் கடவுள் எதுக்குப் படைச்சிருக்காரு?"

அன்று மாலை மார்தேஸ் ரொட்டியில் தக்காளியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீஸ்தின் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றான். சாதாரணமாக நிற்பதுபோல நிற்க ரொம்பச் சிரமப்பட்டான்.

"மார்தேஸ், கோஸோவுக்குப் போயி ஒரு வாரம் இருந்துட்டு வரலாமா?"

தக்காளி நின்றது.

"யாரு, நாமளா?"

"பின்ன? நீயும் நானும்தான்."

"கல்யாணமான புதுசுல கேட்டேன். கோஸோவுல என்ன இருக்கு, அதே கடல்தானேன்னே."

"கடல் அதேதான். நான் மாறிட்டேன்."

"எப்போ போறது?"

அவன் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்தான். "ஜூலையில. மூணாவது வாரம்."

அந்த வாரம் அவளுக்கு என்ன வாரம் என்று ஊரில் பூனைக்குக்கூடத் தெரியும். அவள் தக்காளியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். சுண்டுவிரலுக்கு வருவதற்குள் வீஸ்தினின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"என்கிட்ட ஏதாவது சொல்லணுமா, வீஸ்தின்?"

"சொல்ல என்ன இருக்கு? வெயில் தாங்கல. நீயும் இளைச்சுட்டே."

"நானா? இளைச்சுட்டேனா?"

"முகத்துல."

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம், "சரி, போலாம்" என்றாள்.

கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தட்டை உடைத்திருந்தால் இன்னும் நிம்மதி. சரி என்று சொல்லிவிட்டாளே! அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. குழாயில் நீர் சொட்டினால்கூட, அவள் ஏதோ யோசிக்கிற சத்தமோ என்று திடுக்கிட்டான்.

மறுநாளே நிபந்தனைகள் ஆரம்பித்தன.

"கோஸோவுல மர்சல்ஃபோர்ன் ஊர்ல கடலைப் பார்த்த பால்கனி வேணும்."

"எடுத்தாச்சுன்னு வெச்சுக்க."

"அங்க நான் அடுப்புப் பக்கம் போகமாட்டேன்."

"நான் எதுக்கு இருக்கேன்?"

"தூண்டில் வரக்கூடாது."

இங்கே அவன் வாய் ஒருமுறை திறந்து மூடியது. தூண்டில் இல்லாமல் கடலோரத்தில் ஒரு வாரம்! ஆனால் அவள் முறைத்துக்கொண்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் நாற்காலி போச்சு. "தூண்டில் எதுக்கு? மீன் பாவம்" என்றான். பிறந்ததிலிருந்து மீனைப் பாவம் என்று அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்புறம் அந்த மெத்தை. கல்லு மாதிரி இருந்தா எனக்கு ஆகாது. முன்னாடியே போயி படுத்துப் பாத்துட்டு வா."

போனான். லாரிக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கப்பலேறி, முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்து நிற்க, மெத்தைமேல் பூட்ஸோடு மல்லாந்து படுத்துப் பார்த்துவிட்டு வந்தான். "உருண்டு பாத்தியா?" என்று கேட்டாள் மார்தேஸ். உருண்டும் பார்த்திருந்தான். ஒரு நாற்காலிக்காக ஒரு மனிதன் எத்தனை மெத்தையில் உருளவேண்டியிருக்கிறது.

புறப்படுகிற நாளில் தெருவெல்லாம் சிவப்புத் தோரணம். மார்தேஸின் அண்ணன் சாவெர் ஏணிமேல் நின்று கொடி கட்டிக்கொண்டிருந்தான். காரைப் பார்த்ததும் கொடி கை நழுவியது.

"மார்தேஸ்! நம்ம வாரத்துல எங்கம்மா போறே?"

"வீஸ்தின் ஆசைப்பட்டுக் கூட்டிட்டுப் போறாரு அண்ணா" என்றாள் அவள், மடியில் கைகளைக் கோத்தபடி. வீஸ்தின் சாவெரைப் பார்க்காமல் கியரைப் பார்த்தான்.

கோஸோவுக்குப் போகும்போது கப்பலில் யாரும் காசு கேட்பதில்லை. திரும்பும்போதுதான் கேட்பார்கள். கல்யாணத்திலும் அப்படித்தான் என்று கப்பல் தளத்தில் நின்றபோது அவனுக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

முதல் சில நாட்கள் ஒரு குறையும் இல்லை, பயத்தைத் தவிர. அவள் பால்கனியில் கால்நீட்டிப் படுத்து, மிளகு போட்ட ஆட்டுப் பாலாடைக்கட்டியைத் தின்றுகொண்டு, கடலைப் பார்த்துச் சிரித்தாள். இவன் முயல்கறியைக் கிளறிக்கொண்டே, எதற்குச் சிரிக்கிறாள் என்று கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கறி அடிபிடித்தது. அதற்கும் அவள் கோபப்படவில்லை. மெதுவாக அவன் தோள்கள் இறங்கின. ஒரு சாயங்காலம் இருவரும் கால்களைக் கடலில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இவளை ஏன் இத்தனை வருஷம் இங்கே கூட்டிவரவில்லை என்றுகூட நினைத்தான்.

சனிக்கிழமை லோன்ஸுவின் ஃபோன் வந்தது. வீஸ்தின் குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டான்.

"வீஸ்தின், தலைவருக்கு அடுத்த வாரம் இடுப்புல ஆபரேஷன், செப்டம்பர்ல எழுந்து நடமாடமாட்டாரு. தேர்தலை நாளைக் காலைக்கு மாத்தியாச்சு."

"நாளைக்கா? நாளைக்கு அவங்க ஊர்வலமாச்சே!"

"அதனாலதான். அன்னைக்கு நம்மாளு ஒருத்தனும் தெருவுல தலைகாட்டமாட்டான். கதவைச் சாத்திக்கிட்டுக் கழகத்துலதான் குமைஞ்சுக்கிட்டு இருப்பான். கூட்டம் சேர்க்க இதைவிட நல்ல நாள் ஏது?"

"நான் கோஸோவுல இருக்கேன் லோன்ஸு! நீங்கதானே போகச் சொன்னீங்க?"

"வராத ஆளுக்குக் கை தூக்கறதில்ல. சட்டம். அப்புறம் உன் இஷ்டம்."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. போகாவிட்டால் நாற்காலி இல்லை. மார்தேஸையும் கூட்டிப் போனால் அவள் நேரே ஊர்வலத்துக்குப் போவாள், அப்போதும் நாற்காலி இல்லை. விட்டுவிட்டுப் போனால்? அவள் பின்னாலேயே வந்துவிட்டால்? எப்படி வருவாள்? கார் தன்னிடம் இருக்கிறது, சாவியும் தன்னிடம். கார் இல்லாத மனிதன் நகரவே முடியாது என்பது லாரி ஓட்டுகிறவர்களின் உறுதியான நம்பிக்கை.

"உள்ள என்ன, ஊருக்கே தண்ணி விடறியா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

அந்தக் கேள்வியிலிருந்தே அவனுக்கு ஒரு பொய் கிடைத்தது.

ஞாயிறு காலை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான். "நம்ம மொட்டைமாடித் தண்ணித்தொட்டி நிரம்பி வழியுதாம். போயி மூடிட்டு வந்துடறேன்."

"யாரு சொன்னா?"

"பக்கத்து வீட்டு ஜூசா."

"ஜூசா சிசிலிக்குப் போயிருக்கா."

"அவ மகன் சொன்னான்."

"அவனும்தான் போயிருக்கான்."

வீஸ்தினின் விரல் பொத்தானிலேயே நின்றது. "யாரோ ஒருத்தன். தெருவுல போனவன். வழியுது இல்ல, மேல விழுமில்ல?"

"தண்ணித்தொட்டியை மூடவா நீலக் கழுத்துப்பட்டை?"

அவன் குனிந்து பார்த்தான். கட்டியிருந்தான். கை தானாகக் கட்டியிருந்தது. "கோயில் வழியாப் போறேன். ஞாயித்துக்கிழமையாச்சே."

"நானும் வரட்டா?"

"ஐயோ, வேணாம்! இந்த வெயில்லயா? நீ படு. பாவம், இளைச்சிருக்கே."

அவள் எழுந்து வந்து கோணலாக இருந்த பட்டையை நேராக்கிவிட்டாள். நேராக்கிவிட்டுக் கையை எடுக்கவில்லை.

"ஏதாவது சொல்லணும்னா இப்பச் சொல்லிடு, வீஸ்தின்."

சொல்லியிருக்கலாம். நுனிநாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் கப்பலுக்கு நேரமாகிவிட்டது. உண்மை பேச ஆரம்பித்தால் எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்? "மத்தியானம் வரும்போது சூடா ஏதாவது வாங்கிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னான்.

நீலக் கழகத்தின் ஜன்னல்கள் எல்லாம் இறுகச் சாத்தியிருந்தன. உள்ளே சட்டைகள் நனைந்த வாடை. வீஸ்தின் நுழைந்தபோது ஒரு கிழவர் எழுந்து கைகொடுத்தார். அதுவரைக்கும் அவனிடம் ஏணியை மட்டுமே கொடுத்தவர்.

"மார்தேஸ்?" என்று லோன்ஸு காதில் கேட்டார்.

"கடலுக்கு அந்தப் பக்கம். சாவி என் பையில."

லோன்ஸு மேடையேறினார். "உபதலைவர் பதவிக்கு வீஸ்தின். ஏத்துக்கறவங்க கை தூக்குங்க."

ஒரு கை எழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. அப்புறம் வரிசை வரிசையாக. வீஸ்தினுக்குக் கண் கலங்கியது. சிவப்பு வெல்வெட்டுக்குப் பதில் நீல வெல்வெட் தைத்து, அவனே ஆணி அடித்த அந்த நாற்காலி மேடையிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. லோன்ஸு எண்ண ஆரம்பித்தார்.

தெருமுனையில் டிரம் கேட்டது.

யாரும் அசையவில்லை. தூக்கிய கைகள் தூக்கியபடியே. டிரம் நெருங்கி வந்து, எல்லா வருஷமும் நிற்கிற இடத்தில், பால்கனிக்கு நேர் கீழே நின்றது. எக்காளம் ஓய்ந்தது. ஒரு பெண் குரல் எழுந்தது. அந்தக் குரலை வீஸ்தினுக்குத் தெரியும். தினமும் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்.

"கடலுக்கு அந்தாண்ட வெச்சானாம் காவலு,
கழுத்துல நீலம், பையில சாவியாம்!
தொட்டிக்கு மூடி தேடுற மச்சானே,
வாய்க்கொரு மூடி வாங்கி வந்தியா?"

தெருவே சேர்ந்து கடைசி அடியைத் திருப்பிப் பாடியது. லோன்ஸு ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். சாவெரின் தோள்மேல் மார்தேஸ். வெயிலில் முகம் தகதகத்தது. கொஞ்சமும் இளைக்கவில்லை.

மண்டபத்தில் கைகள் இறங்கின. காற்றுப்போன பலூன் மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக. வீஸ்தினின் கை மட்டும் மேலேயே இருந்தது. வேட்பாளர் தனக்குத் தானே தூக்கக்கூடாது என்பதுகூட அவனுக்கு மறந்துபோயிருந்தது.

கைகொடுத்த கிழவர் முதலில் இருமினார். அது இருமல் அல்ல, சிரிப்பு. "வாய்க்கொரு மூடி" என்று முணுமுணுத்தார். பின்வரிசையில் ஒருவர் தொடையில் தாளம் தட்டினார்.

லோன்ஸு மேடையிலிருந்து இறங்கி வந்தார். "பாட்டு யாரு கட்டினது?"

"அவதான். எல்லா வருஷமும் அவதான் கட்டுவா."

"அப்படியா?" லோன்ஸு தாடையைத் தடவினார். கிழவர் அவர் காதில் ஏதோ சொன்னார். இன்னும் இரண்டு பேர் வந்து தலையைக் கூட்டிப் பேசினார்கள். திரும்பி வந்தபோது லோன்ஸுவின் குரல் குழைந்திருந்தது. "வீஸ்தின், நம்ம பக்கம் இப்படி ஒரு ஆள் இல்லப்பா. அதான் வருஷா வருஷம் அடி வாங்கறோம். நாற்காலி எப்படியும் காலியாத்தான் இருக்கு. உபதலைவரா நம்ம பக்கம் வர்றாங்களான்னு உன் வீட்டுக்காரம்மாவைக் கேட்டுப் பாரேன்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வீஸ்தின் ஃபோன் போட்டான். பின்னணியில் பேண்டு முழங்கியது.

"எப்படி வந்தே?" என்றுதான் முதலில் கேட்க முடிந்தது.

"கோஸோவுலேர்ந்து வலெட்டாத் துறைமுகத்துக்கு வேகப் படகு விடறாங்க, தெரியாதா? அங்கேர்ந்து சாவெர் கூட்டிட்டு வந்தான்."

"உனக்கு... எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"மெத்தையில உருண்டியே, அதுக்கும் முன்னாடியே. லோன்ஸு பொண்டாட்டியும் நானும் ஒரே சலூன்லதான் முடி வெட்டிக்கறோம். அங்க நீலமும் இல்ல, சிவப்பும் இல்ல." பேண்டு சத்தம் கொஞ்சம் தள்ளிப்போனது. அவள் நடந்து ஓரமாக வந்திருக்கவேண்டும். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா வந்திருக்கமாட்டேன், வீஸ்தின். உனக்கு அந்த நாற்காலி மேல எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாதா? இன்னைக்குக் காலையில கேட்டிருந்தாக்கூட, அந்தப் பால்கனியிலேயே உக்காந்திருப்பேன்."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். முதுகில் லோன்ஸுவின் விரல் குத்தியது. கேட்கவேண்டியதைக் கேட்டான். ஒவ்வொரு சொல்லாக, கல்லை இறக்கிவைப்பதுபோலக் கேட்டான்.

அந்தப் பக்கம் பேண்டு அடுத்த பாட்டுக்குத் தாவியது.

"தலைவர் பதவின்னா யோசிக்கிறேன்னு சொல்லு."