படி ஏறிய குற்றம்

கல்லீரலின் நலனுக்காக உட்கார்ந்த இடத்திலிருந்தே அயராது உழைத்த நிறுவனம் என்று உலகத்தில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், தயங்காமல் எங்கள் நிறுவனத்தைத்தான் சொல்வேன். இதில் தற்பெருமை எதுவும் கிடையாது. அந்த உழைப்பைப் பக்கத்து நாற்காலியில் இருந்து நேரில் பார்த்தவன் நான். 'கல்லீரல் நலக் குழு'வின் செயலாளர் என்ற முறையில் அதை எடுத்துச் சொல்வது என் கடமை.

நாங்கள் லிஃப்ட் விற்பவர்கள். அலுவலகம் ஆறாவது மாடியில். வாசலில் 'படிகள் போன தலைமுறைக்கு' என்று எங்கள் விளம்பரப் பலகை இருக்கும். அந்த வாசகத்தை எழுதியவர் எங்கள் மேலாளர். அதற்குப் பிறகு அவர் எதையும் எழுத வேண்டிய அவசியம் நேரவில்லை. மற்றவர்களுக்குப் படிக்கட்டு வெறும் படிக்கட்டாக இருக்கலாம். எங்களுக்கு அது தொழில் போட்டியாளர். அதில் கால் வைப்பவனை, நம் கடையில் கடன் சொல்லிவிட்டு எதிர்க்கடையில் ரொக்கம் கொடுப்பவனைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்போம்.

இப்படி நிம்மதியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, தலைமை அலுவலகம் ஒரு டாக்டரையும் ஒரு ஸ்கேன் இயந்திரத்தையும் அனுப்பிவைத்தது. முப்பது வயதைத் தாண்டிய ஆண்கள் அனைவரும் கூட்ட அறை மேசைமேல் சட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் படுத்தோம். டாக்டர் இளம்பெண். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவிப் பார்க்கப் பார்க்க அவர் முகம் இறுகிக்கொண்டே போயிற்று. மேலாளரில் தொடங்கிக் காவலாளி வரை எல்லார் கல்லீரலிலும் கொழுப்பு. அந்த ஒரு விஷயத்தில் எங்கள் அலுவலகத்தில் பதவி வித்தியாசமே இல்லை.

இதில் காசாளருக்குத்தான் பெரிய அதிர்ச்சி. "நான் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்ல, டாக்டர்" என்றார்.

"நாற்காலியைத் தொட்டிருக்கீங்களே. அது போதும்."

காசாளர் பல நாள் சோகமாக இருந்தார். வீணாகப் போன இளமையை நினைத்துத்தான் என்று அவருக்கு வேண்டியவர்கள் சொன்னார்கள்.

டாக்டர் அதிக நேரம் பார்த்தது வரைபடப் பிரிவில் இருக்கும் என் அக்கா கணவரை. எனக்கு மாமா, அலுவலகத்துக்கு 'ஸ்கேல்'. வேலைக்குச் சேர்ந்தபோது அவ்வளவு ஒல்லியாக, அவ்வளவு நேராக இருந்தாராம். பெயர் மட்டும் இன்னும் வளையாமல் இருந்தது. உறவினன் என்பதால் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டர் பேசினார்.

"உங்களுக்குக் கொழுப்போட நிக்கல. கல்லீரல் கொஞ்சம் இறுக ஆரம்பிச்சிருக்கு. இப்ப முழிச்சுக்கிட்டா திரும்பிடும். விட்டுட்டா திரும்பாது."

மாத்திரை எழுதித் தருவீர்களா என்று மாமா கேட்டார். உடம்பை அசைப்பதுதான் முதல் மருந்து என்றார் டாக்டர். எடை பெரிதாகக் குறையாவிட்டாலும், தினமும் உடம்பு அசைந்தால் கல்லீரலில் இருக்கும் கொழுப்பு குறையுமாம். "நடங்க. வேர்க்கட்டும். தினமும் படி ஏறுங்க" என்றார். 'படி' என்ற சொல் அந்த அறையில் விழுந்ததும், மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

மறுநாளே கல்லீரல் நலக் குழு அமைக்கப்பட்டது. நீண்ட நேரம் சிந்திக்க வேண்டியிருக்கும் என்பதால் மெத்தை வைத்த நாற்காலிகள் வாங்கப்பட்டன. வாரந்தோறும் கூடினோம். எண்ணெயில் பொரித்தது ஒன்று, இனிப்பு ஒன்று, ஆரோக்கியத்தை முன்னிட்டுச் சர்க்கரை போடாத டீ. டாக்டரின் அறிவுரையில் 'நடங்க' என்ற பகுதி ஏகமனதாக ஏற்கப்பட்டது. எங்கே நடப்பது என்பதை ஆராய ஒரு துணைக்குழு போடப்பட்டது. வராந்தா குறுகல், வாகனம் நிறுத்துமிடம் வெயில், தெருவில் தூசி என்று துணைக்குழு அறிக்கை கொடுத்தது. இதை அவர்கள் எங்கேயும் நடந்து பாராமலே கண்டுபிடித்தார்கள் என்பது அவர்களுடைய அறிவுக்கூர்மைக்குச் சான்று.

கடைசியில் மேலாளரே வழி கண்டார். லிஃப்டுக்குள்ளேயே உடற்பயிற்சி செய்வது. ஆறாவது மாடிக்கு லிஃப்ட் சீக்கிரம் வந்துவிடுகிறது என்பதுதான் ஒரே இடைஞ்சல். எனவே அதன் வேகம் குறைக்கப்பட்டது. இதற்கு 'நலவேகம்' என்று பெயர். உள்ளே ஓர் இனிய பெண்குரல், "மூச்சை இழுங்கள்... இரண்டாவது மாடி... முழங்காலை மடக்குங்கள்... மூன்றாவது மாடி..." என்று வழிநடத்தும். இடம் போதாததால் ஒருவர் குனியும்போது பின்னால் இருப்பவர் நிமிர வேண்டும் என்று விதி. காசாளர் விதியை மறந்துபோய் ஒருநாள் விற்பனைப் பிரிவுத் தலைவரின் மூக்குக்கண்ணாடியை உடைத்தார். வேறு மாடிக்காரர்கள் பொத்தானை அழுத்தியதும் கதவு திறக்கும். உள்ளே டை கட்டிய நான்கைந்து பேர் பாதி உட்கார்ந்த நிலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வெளியே நிற்பவர்கள் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பதாகச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கட்டடத்தில் இருப்பதே ஒரு லிஃப்ட்தான்.

என் மாமா ஒரு வாரம் நலவேகத்தில் குனிந்து நிமிர்ந்தார். பிறகு அக்கா அவரை உட்கார வைத்து, அந்த டாக்டர் சொன்னதைக் கேட்கப்போகிறீர்களா இல்லை லிஃப்டு சொன்னதைக் கேட்கப்போகிறீர்களா என்று கேட்டிருக்கிறாள். பெண் இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், எனக்கு உங்களை விட்டால் யார் என்று அழுதும் இருக்கிறாள். எங்கள் குழுவின் தீர்மானங்களில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. அக்காவின் படிப்பு அவ்வளவுதான்.

அதன் பிறகு மாமா மற்றவர்களுக்கு முன்னால் வந்து, யாரும் பார்க்காதபோது படி ஏறத் தொடங்கினார். ஆரம்பத்தில் மூன்றாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். போகப் போக நிற்காமல் ஏறினார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டிவந்தது. உறவினன் என்ற முறையில் இதை நான் பார்த்தேன். செயலாளர் என்ற முறையில் பார்க்கவில்லை.

ஆனால் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். எங்களிடம் பெரிய ஆர்டர் கொடுக்க வந்தவர். வியர்வை வழிய மேலே போன மாமாவிடம் எங்கே வேலை என்று விசாரித்துவிட்டு, நேராக மேலாளர் அறைக்கு வந்தார். "உங்க ஆளே உங்க லிஃப்ட்டை நம்பலையே" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான். அவருக்காக வரவழைத்த பலகாரத்தை நாங்களே சாப்பிட நேர்ந்தது.

விசாரணை வைக்கப்பட்டது. விசாரணை அதிகாரி நான்தான். சொந்தக்காரன் என்பதால் கூடுதல் கண்டிப்போடு இருப்பேன் என்று மேலாளர் என்மேல் வைத்த நம்பிக்கை அப்படி.

"படி ஏறியது உண்மையா?"

"உண்மைதான்."

"எதற்காக?"

"கல்லீரலுக்காக."

"அதற்குத்தான் குழு இருக்கிறதே?"

"குழு என்னோட கல்லீரலைப் பத்திப் பேசுது. நான் கல்லீரலுக்கு ஏதாவது செய்யலாம்னு பார்த்தேன்" என்றார் மாமா.

இவ்வளவு வெளிப்படையான ஒப்புதல் வாக்குமூலத்துக்குப் பிறகு நான் என்ன செய்ய முடியும்? 'நிறுவனத்தின் பொருளுக்கு எதிராகக் கால்களைப் பயன்படுத்தியது' என்ற குற்றம் நிரூபணமானது. அரைச் சம்பளத்தில் தற்காலிகப் பணிநீக்கம். அக்கா என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

வேலை இல்லாத மனிதர் வீட்டில் என்ன செய்வார்? பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார். காய்கறிச் சந்தைக்கு நடந்தார். பஸ் காசு மிச்சம் என்று எங்கே போனாலும் நடந்தார். தண்ணீர்க் கேன்களை மாடிக்கு அவரே தூக்கினார். வாடகைக்கு முட்டுப்பாடு, பள்ளிக் கட்டணத்துக்குக் கெடு என்று குடும்பம் இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடியது. ஆனால் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்ததை நானே தெருவில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் நிற்காமல் வேகமாக நடந்து போய்விட்டார். என்னால் எட்டிப்பிடிக்க முடியவில்லை.

ஸ்கேன் இயந்திரம் மறுபடி வந்தது. பணிநீக்கத்தில் இருப்பவருக்கும் மேசைமேல் படுக்க உரிமை உண்டு என்பதால் மாமாவும் வந்தார். எங்கள் எல்லோருக்கும் கொழுப்பு முன்பைவிடச் செழிப்பாக இருந்தது. மாமாவிடம் வந்ததும் டாக்டர் கருவியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். கொழுப்பு பெருமளவு குறைந்திருந்தது. இறுக்கமும் தளர்ந்திருந்தது.

"என்ன வைத்தியம் பண்ணீங்க?"

"சஸ்பென்ஷன், டாக்டர்" என்றார் மாமா.

டாக்டர் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, "இவருக்குக் குடுத்ததையே மத்தவங்களுக்கும் குடுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரத்தில் அலுவலக ஒழுக்கம் சீர்குலைந்தது. விற்பனைப் பிரிவுத் தலைவர் பட்டப்பகலில் இரண்டாவது மாடி வரை படி ஏறினார். காசாளர் முதல் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, மேலாளர் கண்ணில் படும்வரை இருமிக்கொண்டே நின்றார்.

குழு அவசரமாகக் கூடியது. தண்டனை கொடுத்தால் ஆரோக்கியம் வருகிறது, ஆரோக்கியம் வந்தால் தண்டனைக்கு மதிப்பில்லை. இந்தச் சிக்கலையும் மேலாளர்தான் அவிழ்த்தார். படிக்கட்டுக் கதவைப் பூட்டி, பழைய விளம்பரத் தாள் கட்டுகளை அங்கே அடுக்கச் சொன்னார். அலுவலகத்தின் ஒரே நல்ல கல்லீரல் குழுவின் சாதனை என்று அறிவித்தார். தலைமை அலுவலகம் அவருக்குக் கேடயம் அனுப்பியது. மாமாவின் தண்டனை ரத்தாகி, முழுச் சம்பளத்தோடு 'கல்லீரல் நலத் தூதர்' பதவியும் தரப்பட்டது.

"சார், நான் சஸ்பென்ஷன்லயே இருந்துக்கிறேனே" என்று மாமா கெஞ்சினார். அவருடைய அடக்கத்தைக் கண்டு மேலாளர் கண் கலங்கினார். வாடகை பாக்கி நின்றதால் மாமாவும் கையெழுத்துப் போட்டார்.

தூதரின் வேலை லிஃப்டுக்குள். முதல் ஆள் வரும் முன் வந்து, கடைசி ஆள் போன பின் போக வேண்டும். ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஏறி இறங்கும் எல்லோருக்கும் உடற்பயிற்சியின் அவசியத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். எழுந்து நின்றால் ஒருவர் ஏறும் இடம் குறையும் என்பதால் எழுந்து நிற்கக் கூடாது.

மூன்றாவது ஸ்கேனில் கொழுப்பு திரும்பியிருந்தது. இறுக்கமும் திரும்பியிருந்தது. டாக்டர் இயந்திரத்தை மூடினார். "பாத்தியா, அன்னைக்குப் படி ஏறினதோட பின்விளைவு இப்பதான் தெரியுது" என்று மேலாளர் என் காதில் சொன்னார்.

அன்று சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். பேச்சை நிறுத்திய பிறகு அன்றுதான் என் வாசல் மிதித்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, நீதானே விசாரணை பண்றவன். அவர் மேல ஏதாவது ஒரு குத்தத்தைப் போடுடா. கொஞ்சம் பெரிசாவே போடு. அரை வயிறு சாப்பிட்டுக்கிறோம். ஆள் இருந்தா போதும்."

எனக்குக் கண்ணீர் வந்தது. ஆனாலும் உறவுக்காக நெறி தவறுகிறவன் நான் அல்ல. மாமா நாள் முழுவதும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமல் வேலை பார்ப்பவர், அவர்மேல் ஒரு குற்றமும் கிடையாது என்று அக்காவிடம் உறுதியாகச் சொன்னேன். ஒரு குற்றமும் செய்யாத மனிதரைத் தண்டிக்க எங்கள் நிறுவனத்தில் ஒரே ஒரு முறைதான் உண்டு. அவரை வேலையில் வைத்துக்கொள்வது. அதை நாங்கள் ஒரு நாள்கூடத் தவறாமல் செய்துவருகிறோம்.