கதவைத் திற, அப்பா வந்திருக்கேன்

என் மனைவியை வேலையை விடவைத்தே தீருவது என்று ஒரு நாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டே முடிவெடுத்தேன். வாயில் நுரை இருந்ததால் அவளுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதிக்கே சண்டை வந்துவிட்டது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமானால் எனக்கே கண் தெரியாது. பெரியவளுக்குப் பத்து வயசு. சின்னவனுக்கு ஏழு. தனியாக வீட்டைத் திறந்து, தனியாக இருப்பார்கள். அடுப்பைப் பற்றவைத்திருப்பார்களோ? ஜன்னலில் ஏறியிருப்பார்களோ? தெருவில் எந்த ஆம்புலன்ஸ் அலறினாலும் எங்கள் வீட்டுக்குத்தான் என்று கடை வாசலுக்கு ஓடுவேன். போன வாரம் ஒரு பெரியவருக்குக் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். "இப்ப நல்லாத் தெரியுதுப்பா" என்று அவர் போய்விட்டார்.

"யார் வந்து தட்டினாலும் கதவைத் திறந்துடுவாங்க. நீ வேலையை விட்டுடு" என்றேன்.

"நீங்க விடுங்களேன்."

அவளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை. ஊரார் ரத்தத்தை அங்கே எடுப்பாள். என்னுடையதை வீட்டில்.

"பந்தயம்! இன்னிக்கு நானே குரலை மாத்திக்கிட்டுப் போய்த் தட்டறேன். திறந்துட்டா நீ வேலையை விடணும்."

"திறக்கலேன்னா?"

"நீ சொல்றதைக் கேக்கறேன்."

"எப்பவும் கேக்கறதுதானே" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன். வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கதவைத் தட்டினேன்.

"பார்சல்!"

"வாசல்ல வெச்சுட்டுப் போங்க. அப்பா குளிக்கறார்." பெரியவள் குரல்.

"கையெழுத்துப் போடணும்மா."

"அப்பா தூங்கறார்."

"அக்கா, குளிக்கறார்னு சொன்னியே?" இது சின்னவன்.

"எங்க அப்பா குளிச்சுக்கிட்டே தூங்குவார்!"

தோற்றுவிடுவேன் போலிருந்தது. கைக்குட்டையை எடுத்தேன். "அம்மாடி, அப்பாதான் வந்திருக்கேன். திற."

உள்ளே ஏதோ குசுகுசுப்பு. பிறகு, "தம்பி எந்த வகுப்பு, சொல்லுங்க."

"ஒண்ணாவது."

"ரெண்டாவது!"

"அக்கா, அப்பாவும் இப்படித்தான் தப்பாச் சொல்வார்."

"அப்பா இந்த நேரத்துக்கு வர மாட்டார்டா. என்னிக்காவது வந்திருக்காரா?"

சின்னவன் அழ ஆரம்பித்தான். ஓவென்று இல்லை. வெளியே கேட்கக்கூடாதென்று விழுங்கி விழுங்கி. உடனே டிவி சத்தம் காது கிழிய உயர்ந்தது. வீட்டில் பெரியவர்கள் இருப்பதாக நான் நம்பவேண்டுமாம். சாவி என் கையில்தான் இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். மாடிப்படியில் உட்கார்ந்தேன். எவனோ ஒரு திருடன் மாதிரி, என் பிள்ளை என்னாலேயே அழுவதைக் கேட்டுக்கொண்டு.

மனைவி வந்து ஒரே ஒரு தட்டுத்தான் தட்டினாள். கதவு திறந்துகொண்டது.

சின்னவனைத் தூக்கிக்கொண்டு பெரியவளிடம் கேட்டேன். "என் குரல்கூடவா உனக்குத் தெரியல?"

"பார்சல்னு சொன்னப்பவே தெரிஞ்சுதுப்பா."

"அப்புறம் ஏன் திறக்கல?"

"காலையில நீங்க போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டுதே. திறந்தா அம்மா வேலை போயிடுமில்ல?"

"பாவம், தம்பியை அழவிட்டியே!"

"அவன் தினமும்தான் அழுவான்" என்றாள், சாதாரணமாக.

சின்னவனை இன்னும் இறுக்கிக்கொண்டேன். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாராவது ஒருத்தர் வீட்ல இருக்கணும்" என்றேன்.

"ஆமாங்க. நாளையிலேர்ந்து உங்களுக்குக் காலை ஷிஃப்ட். பிள்ளைங்க வர்றதுக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம். உங்க முதலாளிகிட்ட நேத்தே பேசிட்டேன்."

"நேத்தா? பந்தயம் போட்டதே இன்னிக்குத்தானே!"

"உங்களை எனக்கு இன்னிக்கு நேத்தா தெரியும்?"