ஒத்திகை விண்ணப்பம்

நாற்பது தாண்டிய பிறகு வரைபடக்காரருக்கு மேல்படிப்பு ஆசை வந்துவிட்டது. சும்மா இல்லை, வெளிநாட்டில், இரண்டு வருஷம், தன்னந்தனியாக! கட்டட வடிவமைப்பில் முதுகலைப் பட்டம் என்று ஊருக்குச் சொன்னார். "ஏங்க" என்ற குரல் காதில் விழாத இரண்டு வருஷம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவள். குதிகுதியென்று குதிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவளோ சிரித்தாள்.

"தாராளமா போங்க. ஆனா அங்க உங்களுக்கு யாரு சமைச்சுப் போடுவா? இப்பவே கத்துக்கோங்க."

அன்று முதல் சமையல், துணி, பாத்திரம் எல்லாம் அவர் தலையில். படிப்பாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார்.

மனுஷருக்கு ஒரு தொழில் பழக்கம். எதையும் வேண்டாத தாளில் போட்டுப் பார்க்காமல் நல்ல தாளில் கை வைக்க மாட்டார். விண்ணப்பமோ கம்ப்யூட்டரில். கசக்கி எறிய வழியில்லை.

"தப்பாயிட்டா என்னடி பண்றது?"

"முதல்ல என் பேர்ல ஒண்ணு போட்டுப் பாருங்களேன். கெட்டா என்னுது கெடட்டும்."

"நீ எதைப் படிக்கிறதா போடறது?"

"ரத்தம்தான். எனக்கு வேற என்ன தெரியும்?"

என்ன தியாகம்! உருகிப்போனார். அவள் சான்றிதழ்களை அவரே ஸ்கேன் செய்து ஏற்றினார். அவள் சொல்லச் சொல்ல, ஏன் படிக்க ஆசை என்ற கட்டுரையை அவரே தட்டினார். வினாத்தாள் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள, மொழித் தேர்வுக்கும் அவளையே முன்னால் அனுப்பினார். உதவித்தொகை வேண்டுமா என்ற கட்டத்தில் டிக் அடித்தார். அமுக்கினால் என்னதான் ஆகும் என்று 'அனுப்பு' பொத்தானையும் அமுக்கினார்.

இனி நல்ல பிரதி! தன் கட்டுரையை எழுதி அவளுக்குப் படித்துக் காட்டினார்.

"பிரமாதம்! ஆனா உங்க தரத்துக்கு இது பத்தாதுங்க."

இதைவிட வேறென்ன வேண்டும்? உச்சி குளிர்ந்துபோய் மறுபடி உட்கார்ந்தார். அவர் செதுக்க, அவள் தலையசைக்க, கடைசித் தேதி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

ஒரு சாயங்காலம் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மனைவி செல்போனோடு ஓடிவந்தாள்.

"இடம் கிடைச்சிருச்சுங்க! உதவித்தொகையோட!"

"எனக்கா?"

"நீங்கதான் அனுப்பவே இல்லையே. எனக்கு!"

"அடிப்பாவி! அது ஒத்திகைதானே?"

"உங்களுக்கு."

வயிறு எரிந்தது. கூடவே பெருமையாகவும் இருந்தது, அந்தக் கட்டுரையைத் தட்டியது அவர் விரல்கள் அல்லவா! பிறகுதான் பொறி தட்டியது. யார் போனால் என்ன? அவள் அங்கே, இவர் இங்கே. அந்த இரண்டு வருஷ நிம்மதி எங்கேயும் போய்விடவில்லை! முகமெல்லாம் பல்லாக, "நல்லபடியா போய்ட்டு வாம்மா" என்று மனசார வாழ்த்தினார்.

"ஏங்க, போய்ட்டு வாம்மாவா? படிக்கிறவங்க கூட வீட்டுக்காரரும் வரலாமாம். ஒத்திகையெல்லாம் வேண்டாம்னு உங்க விசா விண்ணப்பத்தை நானே நிரப்பி வெச்சுட்டேன்."

"நான் எதுக்குடி அங்க?"

"பின்ன, அங்க எனக்கு யாரு சமைச்சுப் போடுவா?"